அறுபது அடி ஆபத்து

மத்திய மலைநாட்டு ஒளிநாடா ஒழுங்குச் சபையின் தமிழ்ப் பிரிவுக்கென்று கண்டி ஏரிக்கு மேலே ஒரு மாடிக் கட்டடம் இருந்தது. அதில் தலைவர் இருந்தார், உறுப்பினர் இருந்தார், முதுகில் வெள்ளைத் துவாய் போர்த்திய கதிரைகள் இருந்தன, ஏழு வகையான ரப்பர் முத்திரைகள் இருந்தன. பொலித்தீன் உறை கழற்றாத இருபத்தொரு அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டிகூட இருந்தது. வீடியோ கசெட்டைப் போட்டுப் பார்க்கிற டெக் ஒன்றுதான் இல்லை. அதற்கு 1986ஆம் ஆண்டே விலை கேட்டுக் கேள்விப்பத்திரம் கோரியாகிவிட்டது. இப்போது 1991 தான் நடக்கிறது. அதற்குள் அவசரப்பட்டால் எப்படி?

இந்தச் சபைக்குத்தான் சுவக்கின் தன்னுடைய கசெட்டை மஞ்சள் கடித உறையில் போட்டு, மூன்று படிவங்களை இணைத்து, கோயிலுக்குக் காணிக்கை கொண்டுபோகிற பக்தியோடு கொண்டுபோய்க் கொடுத்தார்.

சுவக்கினுக்குக் கட்டுக்கலையில் 'மேபல் வீடியோ' என்று ஒரு சின்னக் கடை. மனைவி பெயரைத்தான் கடைக்கு வைத்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது. பிறந்தது ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். எண்பத்து மூன்று ஆடியில் குடியிருந்த வீடு எரிந்ததிலிருந்து கடுதாசி என்றால் அவருக்கு உயிர். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, கடை அனுமதி, போன வருடத்துக் கடை அனுமதி, அதற்கு முந்தியது என்று எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்திருப்பார். சோதனைச் சாவடியில் ஒன்றைக் கேட்டால் ஐந்தைக் கொடுப்பார். அரசாங்கத்திடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. அந்தப் பெருமையால் ஒரு காசுக்கும் பிரயோசனம் இல்லை என்று மேபல் பல முறை எடுத்துச் சொல்லியிருக்கிறாள்.

கசெட்டில் இருந்தது ஒரு பழைய படம். 'திசை தெரியாத நாற்பது நாள்' என்று பெயர். மேபலின் அண்ணன் வலன்ரைன் 1974இல் ஊரெல்லாம் கடன் சொல்லி எடுத்தது. இயக்கமும் அவன், கதாநாயகனும் அவன். நில அளவைக் கந்தோர் கிளார்க் ஒருத்தன் ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே காட்டில் வழி தவறிவிடுகிறான். நாற்பது நாள் கிழங்கையும் கொய்யாக்காயையும் தின்று உயிர் பிழைத்து, கடைசியில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற ஒரு லயத்து வாசலில் வந்து விழுகிறான். அங்கே ஒரு அம்மா அவனுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுக்கிறாள். அதோடு படம் முடிந்தது. கண்டியில் ஒரு வாரம் ஓடியது. வலன்ரைன் பிறகு கப்பலேறி இந்தியா போனான், படச்சுருள் டின்கள் நாவலப்பிட்டியில் ஒரு கடைப் பரணில் ஏறின.

தேத்தண்ணி கொடுக்கிற வேடத்துக்குப் பேசி வைத்திருந்த நடிகை அன்றைக்கு பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாள். படப்பிடிப்புக்காரர்களுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுவந்த தன் தாய் பாப்பம்மாவையே வலன்ரைன் வாசலில் நிறுத்திப் படம் பிடித்தான். நாற்பது செக்கன்தான். அதற்கு நாலு வருடத்துக்குப் பிறகு பாப்பம்மா இறந்து போனாள். அதிலிருந்து ஐந்து வருடத்துக்குப் பிறகு, ஆடிக் கலவரத்தில், அவளுடைய படம் இருந்த ஆல்பங்களும் அலுமாரியோடு எரிந்து போயின. ஆக, பாப்பம்மாவின் முகம் இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் அந்த நாற்பது செக்கன்.

டின்களைத் தேடிப் பிடித்து, கட்டுகஸ்தோட்டையில் கல்யாண வீடியோ எடுக்கிற ஹபீலிடம் கொடுத்தார் சுவக்கின். ஹபீல் படத்தைச் சுவரில் ஓட்டி, சுவரைப் பார்த்துக் கமெராவை வைத்துக் கசெட்டில் ஏற்றினான். சுருள் ஓட ஓடப் பின்னாலேயே அப்பளம் மாதிரி நொறுங்கிக்கொண்டு வந்தது. முடிந்தபோது கையில் ஒரு கசெட்டும் தரையில் ஒரு கூடை குப்பையும் இருந்தன. தொழில் பழக்கத்தில் ஹபீல் படத்துக்கு முன்னால் பதினான்கு நிமிடம் ரோசாப்பூவும் புறாவும் தன் கடை விலாசமும் போட்டு வைத்திருந்தான்.

"காட்டுப் படத்துக்கு எதுக்குப்பா புறா?" என்று கேட்டார் சுவக்கின்.

"அது இல்லாட்டி படம் தொடங்கின மாதிரியே இருக்காது அண்ணே. எங்கட கஸ்டமர்மாருக்கு அது வேணும்" என்றான் ஹபீல்.

இருபது பிரதி போட்டு வெளியிடுவதாகத் திட்டம். படத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்ற தோட்டத்து ஆட்கள் பாதிப் பேர் இன்னும் உயிரோடு இருந்தார்கள், கடைக்கு வந்து கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். ஆனால் ஒழுங்குவிதி ஒன்பது என்ன சொல்கிறது? சபையின் சான்றிதழ் கிடைக்கும்வரை கசெட்டைப் பிரதி எடுக்கலாகாது, உரிமையாளரின் குடும்பத்தார் உட்பட எவரும் பார்க்கலாகாது. நாடு முழுக்க இந்த விதியைப் படித்தவர் சுவக்கின் ஒருவராகத்தான் இருக்கும், கடைப்பிடித்தவரும் அவர் ஒருவர்தான்.

"எங்கம்மா மூஞ்சிய நான் பாக்கிறதுக்கு எவன்கிட்டங்க கையெழுத்து வாங்கணும்?" என்று மேபல் கேட்டாள்.

"சட்டம் அப்பிடி இருக்கு மேபல். நாளைக்குக் கடைக்குச் சோதனை வந்தா? காட்டுக்குள்ள ஒளிஞ்சு திரியிற தமிழாளு படம். சீல் இல்லாம வச்சிருந்தேன்னு வையி, படத்துல இருக்கவனை விட்டுட்டு என்னையத்தான் ஏத்திக்கிட்டுப் போவாங்க."

அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. மேபலுக்கும் அது தெரியும். "அம்மா மூக்கு எப்பிடி இருந்திச்சுன்னு எனக்கு மறந்து போச்சுங்க" என்றாள். "கண்ணாடியப் பாத்துப் பாத்து யோசிக்கிறேன். வரமாட்டேங்குது."

அதற்கு மேல் சுவக்கினுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த நாளே கடித உறை வாங்கினார்.

சபை கூடிய முதல் நாள், மேசையின் தலைமாட்டில் தலைவர் இராஜரத்தினம் இருந்தார். யாழ்ப்பாணத்தார், கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் கையெழுத்து வைத்துப் பழகிய கை. வலப்பக்கம் உறுப்பினர் சரோஜினிதேவி, ஓய்வுபெற்ற அதிபர், இன்னமும் பிரம்பைத் தேடுகிற கண். இடப்பக்கம் மற்றவற்றைவிட உயரமான கதிரை ஒன்று, இரட்டைத் துவாயோடு காலியாக இருந்தது. அது பாதுகாப்புப் பிரதிநிதியின் கதிரை. அவருடைய நியமனக் கடிதம் ஐந்து வருடத்துக்கு முன் வந்தது, ஆள் இன்னும் வரவில்லை. எந்தப் படை, என்ன பெயர், நெட்டையா கட்டையா, ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு முடிவுக்கு முன்னும் தலைவர் அந்தக் கதிரைப் பக்கம் மரியாதையாகச் சாய்ந்து, இரண்டு மூச்சு பொறுத்துவிட்டு, "ஆட்சேபனை இல்லை" என்று எழுதுவார். பியோன் வீரையா அந்தக் கதிரைக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி வைப்பான். கூட்டம் முடிந்ததும் நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு அதை அவனே குடித்துவிடுவான்.

"டெக் வரும்வரைக்கும் இஞ்ச வாய்மொழித் திரையிடல்தான்" என்றார் தலைவர். "நீர் படத்தைச் சொல்லும். ஒண்டும் விடாமல் சொல்ல வேணும். நடிச்சுக் காட்ட வேண்டிய இடத்தில நடிச்சும் காட்டும்."

"சார், எங்கிட்ட டெக் இருக்குங்க. நாளைக்கே தூக்கிட்டு வந்துர்றேன்."

"தனியார் டெக்கில அரசாங்கம் படம் பார்க்கிறதோ?" என்றார் சரோஜினிதேவி. கேட்ட தொனியில் சுவக்கின் ஏதோ தகாத காரியத்துக்கு அழைத்துவிட்டது போல இருந்தது.

சுவக்கின் படத்தைச் சொன்னார். வழி தவறினார், மரமேறினார், முழங்கை சிராய்த்தார், பெய்யாத மழையில் நனைந்தார். சிறுத்தை வருகிற கட்டம் வந்தது. அந்த உறுமல் அந்தக் காலத்தில் அவர் போட்டதுதான், பானைக்குள் வாயை வைத்து. இப்போது பானை இல்லாதபடியால் குப்பைக்கூடைக்குள் தலையைவிட்டு உறுமினார். சரோஜினிதேவி கோப்புக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"சிறுத்தைக்கு அனுமதிப்பத்திரம் இருக்கோ?"

"சிறுத்தை இல்லீங்கம்மா. சத்தம் மட்டுந்தான். அது நான்தாங்க."

"அப்ப பதிவோம். சிறுத்தை, திரு. சுவக்கின். அடையாள அட்டை இலக்கம்?"

சுவக்கின் சொன்னார். சிறுத்தைகளில் அடையாள அட்டை வைத்திருந்தது அன்றைக்கு அது ஒன்றுதான்.

பிறகு குளிர் கட்டம். கிளார்க்குக்கு விறைக்கிறது. நெருப்பு மூட்டக் காய்ந்த சருகு ஒன்றும் இல்லை. தோள் பையைத் திறக்கிறான். உள்ளே கந்தோர்க் கடுதாசிகள். ஒவ்வொன்றாக எடுத்து...

"எடுத்து?" என்றார் தலைவர்.

"எரிக்கிறாங்க சார்."

வாசலில் நின்ற வீரையாகூட உள்ளே எட்டிப் பார்த்தான். தலைவர் தண்ணீர் குடித்தார். பேனையை மூடினார், திறந்தார்.

"கார்பன் பிரதி இருந்ததோ?" என்று கடைசியில் கேட்டார்.

"காட்டுக்குள்ளங்களா சார்?"

"எங்கயாவது!"

சுவக்கினுக்குத் தெரியவில்லை. வலன்ரைன் அதைப் பற்றி யோசித்திருக்கவே மாட்டான். சபை அன்றைக்குத் துக்கத்தோடு கலைந்தது.

அடுத்த கூட்டத்துக்கு முன் சுவக்கின் ஒரு கடிதம் கொண்டுவர வேண்டியிருந்தது: மேற்படி கிளார்க் நாற்பது நாள் காட்டில் தங்கியதற்குக் கிராம அலுவலரின் உறுதி. கிராம அலுவலர் நல்ல மனிதர். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"அந்தாள் இப்ப எங்க?"

"அப்பிடி ஒரு ஆளே இல்லீங்க ஐயா. கதை அது."

அலுவலர் தலையைச் சொறிந்தார். இல்லாத ஆளுக்கு வதிவிடச் சான்று கொடுக்க அவருக்கு வழியில்லை. ஆனால் இல்லை என்பதற்குக் கொடுக்கலாம். 'மேற்படி நபர் எனது பிரிவிலுள்ள காட்டில் தற்போது வசிக்கவில்லை என்பதையும், அவருக்கு உணவுக் கூப்பன் எதுவும் வழங்கப்படவில்லை என்பதையும் இத்தால் அத்தாட்சிப்படுத்துகிறேன்' என்று எழுதி, முத்திரை குத்தித் தந்தார். சுவக்கின் அதையும் பிளாஸ்டிக் பையில் பத்திரப்படுத்தினார்.

அந்தக் கடிதம்தான் சபையை உண்மையிலேயே கலக்கியது. இரண்டாம் கூட்டத்தில் தலைவர் அதை மூன்று தரம் படித்துவிட்டு எழுந்து நின்றார்.

"கூப்பன் இல்லை. சரி. நிவாரணம் கேட்டு விண்ணப்பிச்சானோ?"

"இல்லீங்க."

"ஆரையும் சந்திக்க வரிசையில நிண்டானோ?"

"காட்டுல வரிசை இல்லீங்களே சார்."

"இதுதான் எனக்குப் பயமாக்கிடக்கு" என்றார் தலைவர், சரோஜினிதேவியைப் பார்த்து. "சிறுத்தையைக் காட்டட்டும், பாம்பைக் காட்டட்டும், நான் ஒண்டும் சொல்லேல்ல. ஆனா ஒரு மனிசன் நாப்பது நாள், ஒரு படிவமும் நிரப்பாமல், ஒரு அதிகாரியையும் காணாமல், உயிரோட இருக்கிறான்! இதைச் சனம் பார்த்தால் என்ன நினைக்கும்? நாங்கள் இல்லாட்டியும் சீவிக்கலாம் எண்டு நினைக்காதோ? நான் முப்பது வருசமாச் சனத்தை அலைய விட்டிருக்கிறன். ஏன்? அலைச்சலிலதான் அரசாங்கம் ஒண்டு இருக்கிறது சனத்துக்கு விளங்கும். இந்தப் படம் அந்த அத்திவாரத்தையே கிண்டுது."

சரோஜினிதேவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடைசியில ஆள் மெலிஞ்சாவது போறானோ?" என்று கேட்டார்.

"கொஞ்சம் மெலியிறாருங்க."

"காணாது, இன்னும் மெலிய வேணும்" என்றார் அவர்.

கதிரைப் பக்கம் சாய்ந்து ஆலோசித்தபின் தலைவர் ஒரு வழி கண்டார். படத்துக்கு முன்னால் தலைவரின் விளக்கவுரை ஒன்று சேர்க்க வேண்டும். பார்ப்பவர்கள் முதலில் அதைக் கேட்டுத் தெளிந்துகொண்டால் பிறகு காடு ஒன்றும் செய்யாது. படப்பிடிப்பு விண்ணப்பதாரியின் பொறுப்பு.

அப்படித்தான் தலைவர் இராஜரத்தினம் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக ஹபீலின் கடைக்கு வந்தார். ஹபீலிடம் இருந்தது ஒரே ஒரு பின்னணிச் சீலை, அதில் இரண்டு இதயங்களை ஒரு அம்பு கோத்திருந்தது. மணமக்கள் உட்காருகிற தங்க நிறச் சோபாவில் ஒரு பக்கமாகத் தலைவர் அமர்ந்தார். மற்றப் பக்கம் பெண் வரப்போகிறாள் என்பது போல ஹபீல் வெளிச்சத்தை வைத்தான். சபை ஒரு நாளைக்குத் திருப்பிக் கொடுத்த கசெட்டில், ரோசாப்பூவும் புறாவும் இருந்த இடத்தில், அவற்றை அழித்து, உரை ஏறியது. பதின்மூன்று நிமிடமும் சொச்சமும்.

"காட்டில் வழி தவறிய பிரசை ஒருவர் முதலில் செய்ய வேண்டியது பயப்படுவதல்ல" என்று தலைவர் கமெராவைப் பார்த்துச் சொன்னார். "அருகிலுள்ள கச்சேரிக்கு எழுத்து மூலம் அறிவிப்பதாகும். மூன்று பிரதிகள். பதில் வரும்வரை அவர் அதே இடத்தில் காத்திருத்தல் வேண்டும். தன்னிச்சையாக வெளியே வருதல் ஏனைய காணாமற்போனோருக்குத் தவறான முன்மாதிரியாக அமையும்."

முடிவில் கைகூப்பி, "நன்றி, வணக்கம்" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. இப்படியொரு உரையைத் தன் வாழ்நாளில் நிகழ்த்தியதில்லை என்றும், ஒரு பிரதி தனக்கு வேண்டும் என்றும் ஹபீலிடம் சொன்னார். இதற்கு முன் மூன்று மாப்பிள்ளைமாரும் அதே சோபாவில் அதையே சொல்லியிருக்கிறார்கள் என்று ஹபீல் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்தது, இனிச் சான்றிதழ்தான் என்று சுவக்கின் மேபலிடம் சொன்னார். ஐந்து மாதத்தில் முதல் முறையாக மேபல் அவருக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். மூன்றாம் கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு போனார்.

கடைசிக் காட்சி மட்டும் அப்போது மிச்சமிருந்தது. சுவக்கின் லயத்து வாசலில் விழுந்தார். எழுந்தார். எதிர்ப்பக்கம் போய் நின்று, பாப்பம்மாவாகி, இல்லாத கோப்பையை நீட்டினார். அதைக் கொஞ்சம் அன்போடுதான் செய்தார்.

"ஆர் இந்த மனிசி?" என்றார் தலைவர்.

"என் மாமியாருங்க சார்."

"அடையாளம் தெரியாத ஒருத்தன் காட்டுக்குள்ளயிருந்து வாறான். பொலிசுக்கு அறிவிக்கேல்ல. பேர் ஊர் கேட்கேல்ல. நேராத் தேத்தண்ணி! இப்பத்தைய நிலைமையில இது என்ன குற்றமெண்டு தெரியுமோ உமக்கு? அவவை விசாரிக்க வேணும். அடுத்த கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வாரும்."

"செத்துப் போயிப் பதிமூணு வருசமாச்சுங்க."

தலைவர் சரோஜினிதேவியைப் பார்த்தார். சரோஜினிதேவி கதிரையைப் பார்த்தார். கதிரை எதையும் மறுக்கவில்லை.

"அப்ப விசாரிக்கேலாது" என்றார் தலைவர். "விசாரிக்கேலாத ஆள் படத்தில இருக்கேலாது. கடைசிக் காட்சியை வெட்டி எரிச்சுப்போட்டு மிச்சத்துக்குச் சான்றிதழ் குடுக்கலாம்."

சுவக்கின் வாழ்க்கையில் அரசாங்கத்திடம் அதுவரை ஒன்றையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இப்போது கேட்டார்.

"சார், முழுப் படத்தையும் வேணும்னா எரிச்சிருங்க. அந்த நாப்பது செக்கனை மட்டும் தந்துருங்க. என் சம்சாரத்துக்கு அவங்க அம்மா மூஞ்சின்னு வேற ஒண்ணும் கெடையாதுங்க சார். போட்டோ எல்லாம் எரிஞ்சு போச்சு. அவ கண்ணாடியப் பாத்து மூக்கத் தேடிக்கிட்டு இருக்கா."

"நாப்பது செக்கன்" என்று தலைவர் எழுதிக்கொண்டார். "நல்லது. நீரே அளவைச் சொல்லிப்போட்டீர்."

தன் நாக்கைத் தானே கடித்துத் துப்பிவிடலாம் போல இருந்தது சுவக்கினுக்கு. ஐந்து மாதமாக உண்மை, உண்மை என்று ஒன்றையும் ஒளிக்காமல் கொட்டிய வாய், கடைசியில் மாமியாருக்குக் குழியும் அளந்து கொடுத்துவிட்டது.

தலைவர் இள வயதில் சினிமாப் படச்சுருள்களைப் பரிசோதித்த குழுவொன்றில் இருந்தவர். அந்தக் கணக்கு அவருக்கு மனப்பாடம். "நிமிசத்துக்குத் தொண்ணூறு அடி. நாப்பது செக்கனுக்கு அறுபது அடி" என்றார்.

வீடியோ நாடா அப்படி ஓடாது. சினிமாச் சுருள் பஸ் என்றால் இது மாட்டுவண்டி. அறுபது அடி வெட்டினால் பதின்மூன்று நிமிடம் போய்விடும். சுவக்கின் பதறிப்போய், "சார், கசெட்டுல வந்து..." என்று தொடங்கினார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்" என்றார் சரோஜினிதேவி.

வீரையா சாப்பாட்டுக் கத்தியால் கசெட்டின் ஐந்து திருகாணிகளையும் கழற்றி மூடியைத் தூக்கினான். உள்ளே இரண்டு சக்கரம். இடப்பக்கச் சக்கரத்தில் நாடா முழுதும் தடிப்பாகச் சுற்றியிருந்தது. வலப்பக்கச் சக்கரத்தில் நாடாவின் நுனி மட்டும் ஒட்டியிருந்தது.

"எது கடைசி?" என்று கேட்டார் சரோஜினிதேவி.

"இதில என்ன சந்தேகம்?" என்றார் தலைவர். "எழுத்து எந்தப் பக்கத்தால தொடங்குது? இடப்பக்கத்தால. எந்தப் பக்கத்தில முடியுது? வலப்பக்கத்தில. வலப்பக்கம் நிக்கிறதுதான் கடைசி. இழு, வீரையா."

வீரையா வலப்பக்க நுனியைப் பிடித்து இழுத்தான்.

ஏழு வருடமாக வீடியோக்கடை வைத்திருப்பவர் சுவக்கின். ஓடி முடிந்த கசெட்டைத் திரும்பச் சுற்றாமல் கடைக்குள் எடுக்கவும் மாட்டார், கடையைவிட்டு வெளியே விடவும் மாட்டார். உரை ஏறியபின் சபைக்குத் திருப்பிக் கொடுத்த அன்றும் நன்றாகச் சுற்றித்தான் கொடுத்தார். சுற்றி வைத்த கசெட்டில் வலப்பக்கம் நிற்பது கடைசி இல்லை, தொடக்கம். பாப்பம்மா இடப்பக்கச் சக்கரத்தில், அத்தனை காட்டுக்கும் அடியில், பத்திரமாக இருந்தாள். வீரையாவின் கையில் நீண்டு வந்துகொண்டிருந்தது தங்க நிறச் சோபாவும், அம்பு பாய்ந்த இதயங்களும், தலைவரும்.

நாடா மேசையைத் தாண்டியது. பாதுகாப்புப் பிரதிநிதியின் கதிரையை ஒரு சுற்றுச் சுற்றி, விறாந்தை வரை போனது. வீரையா அடிமட்டம் வைத்து அளந்தான். முப்பது அடி. நாற்பது.

சொல்ல வேண்டும். சொல்வதுதான் சுவக்கினின் குணம். பஸ்ஸில் மிச்சக் காசு கூடத் தந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறித் துரத்திப்போய்க் கொடுக்கிற மனிதர். அவருடைய வாய் தன் பாட்டில் திறந்தது. தொண்டையில் உண்மை வந்து நின்றது. கண்ணுக்கு முன்னால் மேபல் கண்ணாடியில் தன் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"என்ன, வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறீர்?" என்றார் சரோஜினிதேவி. "ஏதாவது சொல்ல இருக்கோ?"

"இல்லீங்கம்மா" என்றார் சுவக்கின்.

அது அவர் அரசாங்கத்துக்குச் சொன்ன முதல் பொய். ஒன்றும் நடக்கவில்லை. கூரை விழவில்லை. கத்தரிக்கோல் ஒருமுறை கிளிக் என்றது, அவ்வளவுதான்.

அறுபது அடியையும் பின் முற்றத்தில் ஒரு தகரத்தில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். கறுத்த புகை ஏரிப் பக்கமாகப் போனது. சபை வரிசையாக நின்று பார்த்தது. பாதுகாப்புப் பிரதிநிதியின் கதிரையையும் வீரையா தூக்கிக்கொண்டு வந்து வைத்திருந்தான்.

"இந்த அறுபது அடியும் சனத்திட்டப் போயிருந்தா நாட்டுக்கு என்ன நடந்திருக்கும்!" என்றார் தலைவர்.

"நினைக்கவே பயமாக்கிடக்கு" என்றார் சரோஜினிதேவி.

அன்றைக்கே சான்றிதழ் கிடைத்தது. 'தேசப் பாதுகாப்புக்கு ஆபத்தான இறுதிக் காட்சி (60 அடி) சபையின் முன்னிலையில் அகற்றப்பட்டு எரிக்கப்பட்டது. எஞ்சிய பகுதி பொதுமக்கள் பார்வைக்கு உகந்தது.' மூன்று முத்திரை, இரண்டு கையெழுத்து, கதிரைக்காக ஒரு புள்ளடிக் குறி.

ஹபீல் அறுந்த நுனியைச் சக்கரத்தில் ஒட்டிக் கொடுத்தான். கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, பட்டப்பகலில், மேபலும் சுவக்கினும் டெக்குக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். முதலில் நாலு கோடு ஓடியது. பிறகு இதயங்களுக்கு முன்னால் தலைவர் தோன்றிக் கைகூப்பி, "நன்றி, வணக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறைந்தார்.

"நல்ல மனுசனாத் தெரியிறாரே" என்றாள் மேபல்.

படம் ஓடியது. காடு பச்சையாக இல்லை, சுவரின் நிறத்தில் இருந்தது. வலன்ரைன் நன்றாகவே நடிக்கவில்லை. சிறுத்தை மட்டும் அருமையாக இருந்தது. கடைசியில் லயத்து வாசல் வந்தது. ஒரு அம்மா கோப்பையோடு வெளியே வந்தாள். நடிக்கத் தெரியாதபடியால் கமெராவை நேராகப் பார்த்தாள், வெட்கப்பட்டாள், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "குடிங்க தம்பி, ஆறிப் போயிரும்" என்றாள். மேபல் தன் மூக்கில் விரலை வைத்தபடி இருந்தாள். அவள் அழுதது சுவக்கினுக்கு நிம்மதியாக இருந்தது. அவரும் அழுதார்.

"எப்பிடிங்க விட்டாங்க?" என்று அவள் கேட்டபோது, அவர் நடந்ததைச் சொன்னார். மேபல் கல்யாணமான நாளிலிருந்து அவரை அப்படிப் பார்த்ததில்லை.

இருபது பிரதியும் ஒரே வாரத்தில் போயின, அதில் ஒன்று ஹபீல் மூலம் தலைவர் வீட்டுக்கு. தோட்டத்து ஆட்கள் தங்களைத் தாங்களே கூட்டத்தில் தேடிப் பிடித்தார்கள். மூன்றாம் வாரம், பகல் பதினொரு மணிக்கு, தலைவர் இராஜரத்தினம் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். அந்த நேரம் பார்த்து உள் மேசையிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டியில் லயத்து வாசல் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியை நிறுத்தச் சொல்லி சுவக்கின் மேபலுக்குக் கண்ணைக் காட்டினார். மேபல் நிறுத்தவில்லை.

"என்ர உரை எங்க?" என்றார் தலைவர். "சொந்தக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு வச்சுப் போட்டால் 'நன்றி, வணக்கம்' மட்டும் நிக்குது. பெறாமக்கள் சிரிக்குதுகள்."

சுவக்கின் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் கழற்றிக் கொடுத்தார். தலைவர் அதை வாசித்தார். 'தேசப் பாதுகாப்புக்கு ஆபத்தான' என்ற இடத்தில் நின்றார். அறுபது அடியைப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். விஷயம் மெல்ல மெல்ல அவர் முகத்தில் ஏறியது.

சபை பிழை விட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உரை ஆபத்தானதாக இருந்திருக்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை. தலைவர் அதிக நேரம் எடுக்கவில்லை.

"சபை பிழை விடாது" என்றார். "ஓம். அந்த உரையில நானே கொஞ்சம் கடுமையாத்தான் கதைச்சுப்போட்டன்."

பிறகு உள்ளே பெட்டியைப் பார்த்தார். பாப்பம்மா கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது?"

சுவக்கின் வாயைத் திறக்கு முன் மேபல் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள். "அது எரிஞ்சு போச்சுங்க. நீங்கதானே கையெழுத்து வச்சிருக்கீங்க."

தலைவர் சான்றிதழைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடியும் சான்றிதழைப் பார்த்தார். முப்பது வருடமாகக் கண்ணுக்கும் கடுதாசிக்கும் சண்டை வந்தால் அவர் கடுதாசி பக்கம்தான் நின்றிருக்கிறார்.

"எரிச்சதுதான்" என்றார். "நான் பக்கத்தில நிண்டனான்."

போவார் என்று சுவக்கின் நினைத்தார். தலைவர் போகவில்லை. குடையைக் கதவில் சாத்திவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப் பெட்டிக்கு முன்னால் போட்டார். "இல்லாத ஒண்டைப் பார்க்கக் கூடாதெண்டு ஒழுங்குவிதியில ஓரிடமும் இல்லை" என்று சொல்லியபடி உட்கார்ந்தார். மேபல் காட்சியைத் திரும்பச் சுற்றினாள்.

"சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள். "எங்கம்மா மறையுது."